கம்பிச் சுருளுக்கும் சேதாரம் உண்டு!

லேப்ல ரீடிங் சரியா வரலையா? பென்சிலை எடுத்து ‘அட்ஜஸ்ட்’ பண்றதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க பாஸ்!

‘‘தம்பி, இந்த 1.00 எங்கேருந்து வந்தது?’’

பிராக்டிகல் எக்ஸாம். வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் சார் என் பேப்பரில் விரலை வெச்சுக் கேட்டார். எனக்குச் சீட்டில் விழுந்தது ‘லோ-பாஸ் ஃபில்டர்’. ஈஸியான எக்ஸ்பெரிமென்ட்தான். சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால மீட்டரைப் பார்க்காமலே டேபிளை நிரப்பி, கிராஃப் ஷீட்டில் அழகா வளைவும் போட்டிருந்தேன்.

‘‘ரீடிங் எடுத்தது சார்...’’

‘‘அப்படியா? என் முன்னாடி இன்னொரு தடவை எடுங்க.’’

எடுத்தேன். 1.00 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 0.91 வோல்ட். குமிழைத் திருகிப் பார்த்தேன், ஒயரை அழுத்திப் பார்த்தேன். ம்ஹூம்... 0.91-ஐ விட்டு நகரவே இல்லை. 0.707 வரவேண்டிய இடத்தில் 0.64.

‘‘சரி, மீட்டர் பொய் சொல்லாது. அந்த 0.09 வோல்ட் எங்கே போச்சு? அதை மட்டும் சொல்லுங்க’’ன்னார். சொல்லத் தெரியலை. வைவா மார்க் போச்சு. எப்படியோ பாஸாகிட்டேன். ஆனா கேள்வி மட்டும் பின்னாடியே வந்துச்சு. லைப்ரரியில் உட்கார்ந்து தேடினப்போதான் தெரிஞ்சது... அந்த 0.09-க்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கு!

குற்றவாளி கையில்தான் இருந்தது

எக்ஸாம் முடிஞ்ச மறுநாள் லேப் அண்ணாவிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மல்ட்டிமீட்டரை எடுத்து, அந்தக் காயிலின் ரெண்டு முனையிலும் வெச்சார். 120 ஓம்!

‘‘காயில்னா என்ன தம்பி? மெல்லிசு செம்புக் கம்பியை நூத்துக்கணக்கான சுத்து சுத்தினது. கம்பின்னா ரெசிஸ்டன்ஸ் இருக்காதா? புஸ்தகத்துல வரையற காயிலுக்கு ரெசிஸ்டன்ஸ் கிடையாது. கடையில விக்கிற காயிலுக்கு உண்டு.’’

இப்போ கணக்கு சுலபம். எங்கள் சர்க்யூட்டில் சோர்ஸ் பக்கம் 600 ஓம், லோடு பக்கம் 600 ஓம், நடுவில் காயில், ரெண்டு பக்கமும் கெபாசிட்டர். குறைந்த ஃப்ரீக்வென்சியில் காயிலும் கெபாசிட்டரும் ‘இருந்தும் இல்லாத’ நிலைமை. அதனால 2 வோல்ட் கொடுத்தால், ரெண்டு 600-ம் ஆளுக்குப் பாதி பிரிச்சுக்கிட்டு 1 வோல்ட் லோடுக்கு வரணும். ஆனா நடுவில் அழைக்காத விருந்தாளியா ஒரு 120 ஓம். மொத்தம் 1320. அப்போ 2 × 600 ÷ 1320 = 0.909. மீட்டர் காட்டின 0.91 அதேதான்! காணாமல் போன மிச்சம் காயிலுக்குள் சூடாகிக் காற்றில் கலந்துவிட்டது.

நகைக்கடையில் தங்கம் வாங்கும்போது ‘செய்கூலி, சேதாரம்’னு பில்லில் ஒரு வரி வருமே... அந்த மாதிரிதான் இதுவும். பத்து கிராம் தங்கத்தைச் செயினாக்கும்போது உரசலில், உருக்கலில் கொஞ்சம் போகும். சிக்னலை ஃபில்டர் வழியா அனுப்பினாலும் கொஞ்சம் போகும். இன்ஜினீயரிங் பாஷையில் ‘டிஸிப்பேஷன்’. நம்ம பாஷையில் சேதாரம்னே வெச்சுக்கலாம்.

இந்தச் சேதாரத்தை என்ன செய்யறது? ஃபில்டர் பிறந்த நாளிலிருந்து பெரிய பெரிய தலைகள் எல்லாம் மண்டையை உடைச்சுக்கிட்ட கேள்வி இது.

ஒரு கம்பி, பல பேச்சு

முதல்ல ஃபில்டர் எதுக்குன்னு பார்த்துடலாம். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஊர் விட்டு ஊர் டெலிபோன் பேசணும்னா, ஒரு பேச்சுக்கு ஒரு ஜோடிக் கம்பி. செம்பு என்ன விலை! ஒரே கம்பியில் பல பேச்சுகளை, ஒவ்வொன்றையும் வேற வேற ஃப்ரீக்வென்சியில் ஏற்றி அனுப்பினால் காசு மிச்சம். ஆனா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு பேச்சையும் தனித்தனியா பிரிச்சு எடுக்கணுமே? அதுக்கு ஒரு சல்லடை வேணும். தன்னுடைய அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு, மற்றதை வாசலிலேயே நிறுத்துகிற சல்லடை.

அமெரிக்காவின் ஏ.டி அண்ட் டி டெலிபோன் கம்பெனியில் இருந்த ஜார்ஜ் கேம்ப்பெல் அதைச் செய்தார். ‘எலெக்ட்ரிக் வேவ் ஃபில்டர்’ என்ற பெயரில் 1915-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1917-ல் கிடைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னரும் இதே யோசனைக்குத் தனியா வந்து சேர்ந்திருந்தார். காயிலையும் கெபாசிட்டரையும் ஏணிப்படி மாதிரி மாத்தி மாத்தி அடுக்கினால் போதும்... சல்லடை ரெடி!

பேப்பரில் அது பிரமாதமான சல்லடை. உள்ளே விட வேண்டியதை முழுசா விடும், தடுக்க வேண்டியதைத் தடுக்கும். செங்குத்தா வெட்டின மாதிரி விளிம்பு. ஆனா நிஜக் காயிலைப் போட்டுக் கட்டினால்? விளிம்பு மழுங்கிப் போகும், மேல்தளம் சரிந்து போகும்.

‘அப்போ ஒரு அம்ப்ளிஃபையர் போட்டா மேட்டர் ஓவர்தானே?’

நானும் அப்படித்தான் நினைச்சேன். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு 741 ஐ.சி-யும் ரெண்டு ரெசிஸ்டரும் வாங்கி வந்து, 1.1 மடங்கு பெருக்குகிற மாதிரி ஃபில்டருக்குப் பின்னால் மாட்டினேன். 0.91 நச்சுனு 1.00 ஆச்சு. விளிம்பான 3400 ஹெர்ட்ஸில் 0.64 ஏறி 0.70-க்கு வந்துச்சு. புத்தகம் சொல்றது 0.707. ‘அவ்ளோதான்டா மச்சி!’ன்னு லேப் பார்ட்னர் கை கொடுத்தான்.

சும்மா இருக்காமல் நடுவில் 2380 ஹெர்ட்ஸிலும் ஒரு ரீடிங் எடுத்தேன். புத்தகக் கணக்குப்படி 0.95 வரணும். வந்தது 0.92. இங்கே ஒண்ணுக்கு ஒண்ணு, அங்கே மூணு சதவிகிதம் கம்மி!

அப்போதான் மண்டையில் உறைச்சது. அம்ப்ளிஃபையர் எல்லாத்தையும் ஒரே அளவுக்குத் தூக்கும். ஆனா சேதாரம் எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. அளவு குறைஞ்சால் தூக்கி விட்டுடலாம், வடிவம் கெட்டால்? அதுக்கு வேற வைத்தியம் பார்க்கணும். ஃபில்டர் டிசைன் பண்றவங்களுக்கு நிஜமான தலைவலி இந்த ரெண்டாவதுதான்.

விளிம்பில் ஏன் அதிகம்?

ஃபில்டருக்குள் சிக்னல் நேரா ஓடிப் போயிடறது இல்லை. எனர்ஜி காயிலுக்கும் கெபாசிட்டருக்கும் நடுவில் ஊஞ்சல் மாதிரி போய் வந்துதான் வெளியேறுது. அனுமதிக்கப்பட்ட பட்டையின் நடுவில் இருக்கிற ஃப்ரீக்வென்சி சீக்கிரம் வெளியே வந்துடும். விளிம்பில் இருக்கிறது ரொம்ப நேரம் உள்ளேயே ஆடிக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காயில் தன் சேதாரத்தைக் கழிச்சுக்கும். அதிக நேரம் உள்ளே இருந்தால் அதிகக் கழிவு. விளிம்பு மழுங்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஒரு காயில் நல்லதா, சுமாரா என்பதை ஒரே எண்ணில் சொல்லுவாங்க. அதுதான் ‘க்யூ’. க்யூ 100 என்றால், ஒவ்வொரு ஆட்டத்திலும் சேமிச்சு வெச்ச எனர்ஜியில் சுமார் 6 சதவிகிதம் காலி. கோயில் மணியை அடிச்சால் ரொம்ப நேரம் ‘ணங்ங்ங்...’னு ஒலிக்குது இல்லையா, அது க்யூ அதிகம். விரிசல் விட்ட மணி ‘டக்’னு அடங்கிடும், க்யூ கம்மி. எங்கள் லேப் காயிலுக்கு 3400 ஹெர்ட்ஸில் க்யூ எவ்வளவு தெரியுமா? வெறும் 10!

இன்னொரு விஷயம்... பட்டை எவ்வளவு குறுகலோ, அவ்வளவு நேரம் சிக்னல் உள்ளே ஆடும், அவ்வளவு சேதாரம். அதனால் குறுகலான ஃபில்டருக்குத்தான் பிரச்னை பூதாகரம்.

கணக்குப் பிரியர்களுக்கு...

100 கிலோ ஹெர்ட்ஸை மையமா வெச்சு, 10 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு ஃபில்டர். செபிஷெவ் வகை, ஐந்து ரெஸொனேட்டர், அரை டெசிபெல் ஏற்ற இறக்கம். ஒவ்வொரு ரெஸொனேட்டருக்கும் க்யூ 200. இதை நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேதாரமே இல்லைன்னா, 100 பங்கு பவர் உள்ளே போனால் பட்டை முழுக்க 89-க்குக் குறையாமல் வெளியே வரணும். சேதாரத்தோட பார்த்தால், மையத்தில் 1.8 டெசிபெல் இழப்பு, அதாவது 100-க்கு 66 வரும். விளிம்பில் கிட்டத்தட்ட 4.5 டெசிபெல், 100-க்கு 36 மட்டும்தான்! தட்டையா இருக்க வேண்டிய மேல்தளம் குடிசைக் கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சரிஞ்சுடுச்சு.

இந்தக் கூரையை நிமிர்த்த மூணு வழி கண்டுபிடிச்சாங்க.

வழி 1: சேதாரத்தையே குறை

தடிமனான கம்பி, நல்ல ஃபெர்ரைட் கோர்... இப்படிக் காயிலையே உசத்தியா செய்வது முதல் வழி. ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. டெலிபோன் கம்பெனிகள் 60 முதல் 108 கிலோ ஹெர்ட்ஸுக்குள் 12 பேச்சுகளை, நாலு நாலு கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்க ஆரம்பிச்சப்போ காயில் கையை விரிச்சுடுச்சு.

அங்கே வந்தது குவார்ட்ஸ் கிரிஸ்டல். அந்தக் கல்லின் க்யூ பல ஆயிரம். பெல் லேபின் வாரன் மேஸன் 1934-ல் கிரிஸ்டல் ஃபில்டர்களைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார். அதில் ஒரு சூட்சுமம் இருக்கு. வெறும் கிரிஸ்டலை மட்டும் போட்டால் பட்டை ரொம்பக் குறுகலாகிடும், அகலமாக்கக் காயில் சேர்த்தே ஆகணும். காயிலைச் சேர்த்தால் பழைய சேதாரம் திரும்ப வந்துடுமே? மேஸன் காயில்களை வைக்கிற இடத்தைக் கவனமாத் தேர்ந்தெடுத்தார். அந்த இடத்தில் வெச்சால், காயிலின் ரெசிஸ்டன்ஸை ஃபில்டருக்கு வெளியே இருக்கிற ரெசிஸ்டன்ஸோட சேர்த்துக் கணக்கு பண்ணிடலாம். விளைவு? இழப்பு இருக்கும், ஆனா எல்லா ஃப்ரீக்வென்சிக்கும் ஒரே மாதிரி இருக்கும். வடிவம் கெடாது!

கவனிச்சீங்களா... சேதாரத்தை அவர் ஒழிக்கலை. தொந்தரவு பண்ணாத மூலையில் உட்கார வெச்சுட்டார்.

இந்த முதல் வழியின் வாரிசுதான் இன்னிக்கு உங்க செல்போனுக்குள்ளே இருக்கு. காயிலுக்குப் பதிலா, மின்சாரத்தை நுண்ணிய அதிர்வாக்கி ஃபில்டர் பண்ற சின்னச் சின்ன சில்லுகள். க்யூ ஆயிரத்தை ஒட்டியும், அதைத் தாண்டியும் போகும்.

வழி 2: போன எனர்ஜியைத் திரும்ப ஊற்று

இந்த வழியின் ஹீரோ நம்ம வயசுப் பையன்! 1912-ல் நியூயார்க்கின் கொலம்பியா யுனிவர்சிட்டியில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படிச்சுக்கிட்டு இருந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். அப்போ அவருக்கு வயசு 21. ரேடியோ வால்வின் அவுட்புட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து, இன்புட் பக்கத்துக் காயிலுக்கே திருப்பி ஊட்டினார். காயிலில் எவ்வளவு சேதாரமோ, அவ்வளவையும் வால்வு ஈடு கட்டுது. சாதாரணக் காயில், சேதாரமே இல்லாத காயில் மாதிரி நடிக்க ஆரம்பிச்சுடுச்சு. காதுக்கே எட்டாத தூரத்து ஸ்டேஷன் எல்லாம் கேட்டுச்சு. இதுக்குப் பேர் ‘ரீஜெனரேஷன்’.

ஆனா இதில் ஒரு வில்லங்கம். ஊட்டுறது ஒரு சொட்டு அதிகமானாலும் போச்சு... ‘கூய்ய்ய்’னு ரேடியோ ஊளையிட ஆரம்பிச்சுடும். சேதாரத்தைவிட அதிகம் ஊற்றினால் அது ஃபில்டர் இல்லை, ஆசிலேட்டர்! (இதைக் கண்டுபிடிச்சது யார் என்று லீ டி ஃபாரஸ்ட்டோடு நடந்த வழக்கு 1934 வரை இழுத்து, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் ஆர்ம்ஸ்ட்ராங் தோற்றார். ரேடியோ இன்ஜினீயர்கள் சங்கம் தனக்குக் கொடுத்த மெடலைத் திருப்பித் தரப் போனார். அவங்க வாங்க மறுத்து, மெடல் உங்களுக்கே உரியதுன்னு சொல்லிட்டாங்க!)

1930-ல் இங்கிலாந்தின் ஸ்டீஃபன் பட்டர்வொர்த் வேற ரூட் பிடிச்சார். ஆமா, நாம பரீட்சைக்கு உருப்போடற அதே ‘பட்டர்வொர்த் ஃபில்டர்’ ஆள்தான். ‘காயிலில் ரெசிஸ்டன்ஸ் இருக்கா? இருக்கட்டும். அதையும் டிசைன் கணக்கில் ஓர் உறுப்பினரா சேர்த்துடுவோம்’னு ஆரம்பிச்சார். ஃபில்டரைச் சின்னச் சின்னப் பகுதிகளாப் பிரிச்சு, நடுவில் வால்வு அம்ப்ளிஃபையர் போட்டார். ஒரு பகுதியின் இழப்பை அடுத்த வால்வு ஈடு கட்டிடும். அவர் காயில் சுற்றின உருளை ஒண்ணேகால் அங்குல விட்டம், மூணு அங்குல நீளம். கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் அந்த உருளைக்கு உள்ளேயே! எக்ஸாம்ல நாம எழுதற அந்த வழுவழு வளைவு, குறையுள்ள காயிலை வெச்சுக்கிட்டே பிறந்தது என்பதை எந்த கைடும் எனக்குச் சொல்லலை.

1955-ல் எம்.ஐ.டி-யின் லிங்கன் லேபில் இருந்த சாலன், கீ என்ற ரெண்டு பேர் இன்னும் ஒரு படி மேலே போய், காயிலே இல்லாத ஃபில்டருக்கு வழி சொன்னாங்க. ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஒரு அம்ப்ளிஃபையர்... அவ்வளவுதான். ‘சாலன்-கீ’ சர்க்யூட் இன்னிக்கும் நம்ம சிலபஸில் இருக்கு.

வழி 3: முன்கூட்டியே வெட்டு

எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான். காட்டன் துணி தண்ணியில் பட்டால் சுருங்கும்னு தெரிஞ்ச டெய்லர் என்ன பண்ணுவார்? முதலிலேயே கொஞ்சம் பெரிசா வெட்டித் தைப்பார். துவைச்சதும் சுருங்கி, சரியான அளவுக்கு வந்து நிற்கும்.

1939-ல் பெல் லேபின் சிட்னி டார்லிங்டன் ஃபில்டருக்கு இதையே செய்தார். (ரெண்டு டிரான்ஸிஸ்டரை ஒண்ணா கோர்த்து ‘டார்லிங்டன் பேர்’னு படிக்கிறோமே, 1953-ல் அதுக்குக் காப்புரிமை வாங்கின அதே மனுஷன்!) சேதாரம் விளிம்பைத்தானே அதிகமாக் கடிக்குது? அப்போ விளிம்பு தூக்கலாவும், நடு பள்ளமாவும் இருக்கிற ஒரு கோணல் ஃபில்டரைக் கணக்குப் போட்டு டிசைன் பண்ணு. நிஜக் காயிலை மாட்டினதும் விளிம்பு கரையும், மேல்தளம் தட்டையா வந்து நிற்கும். இதுக்குப் பேர் ‘ப்ரீ-டிஸ்டார்ஷன்’. வேணும்னே முன்கூட்டிக் கோணலாக்குவது.

எலெக்ட்ரானிக்ஸ் மக்களுக்குப் புரியற மாதிரி சொன்னால், எல்லா உறுப்பிலும் ஒரே அளவு சேதாரம் இருந்தால் ஃபில்டரின் ‘போல்’கள் எல்லாம் ஒரே தூரம் இடது பக்கம் நகர்ந்துடும். டார்லிங்டன் அவற்றை முன்கூட்டியே அதே தூரம் வலது பக்கம் தள்ளி வெச்சார். சேதாரம் வந்து இடது பக்கம் இழுக்கும்போது, எல்லாம் சரியான இடத்தில் வந்து உட்காரும். சிம்பிள்! ஆனா வலது பக்கம் ஒரு சுவர் இருக்கு. அந்தச் செங்குத்துக் கோட்டைத் தொடும் அளவுக்குத் தள்ள முடியாது. நான் மேலே சொன்ன 100 கிலோ ஹெர்ட்ஸ் ஃபில்டருக்கு இந்த எல்லை க்யூ 90 பக்கத்தில் வருது. அதுக்குக் கீழே க்யூ இறங்கினால் டார்லிங்டனாலேயே காப்பாத்த முடியாது.

கணக்கு ரொம்பப் பெரிசு என்பதால், இந்த முறை உடனே எல்லாரும் கையில் எடுக்கிற மாதிரி இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் பரவலாச்சு.

சரி, இனாமா கிடைக்குமா?

கிடைக்காது! அதே ஃபில்டரை ப்ரீ-டிஸ்டார்ஷன் முறையில் திரும்பக் கணக்குப் போட்டேன். மேல்தளம் அட்டகாசமா தட்டையாச்சு. அரை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் அப்படியே அடங்கிடுச்சு. ஆனா மொத்தத் தளமும் 5.3 டெசிபெல் கீழே இறங்கிடுச்சு. முன்னாடி 100-க்கு மையத்தில் 66, விளிம்பில் 36 வந்தது. இப்போ பட்டை முழுக்க 30-க்கும் 26-க்கும் நடுவில்தான். நல்லா இருந்த நடுவையும் இழுத்து, கெட்டுப் போன விளிம்புக்குக் கீழேயே கொண்டு வந்துட்டோம்!

இதைப் பார்த்ததும் முதலில் ஏமாற்றமா இருந்துச்சு. ‘சேதாரத்தை ஈடு கட்டுறோம்’னு சொல்லிட்டு, நஷ்டத்தை அதிகமாக்கிட்டாங்களே? யோசிச்சப்போ புரிஞ்சது. காயில், கெபாசிட்டரால் மட்டும் போன எனர்ஜியைத் திரும்பக் கொண்டு வர முடியாது. சூடாப் போனது போனதுதான். அதனால் செய்ய முடிஞ்சது ஒண்ணுதான்... நஷ்டத்தை எல்லாருக்கும் சமமாப் பங்கு போடுவது. சமமா ஆகிட்டால், அதைத் தூக்கி விட ஒரே ஒரு அம்ப்ளிஃபையர் போதும். என் 741 வடிவத்தைச் சரி பண்ண முடியாமல் தோத்தது இங்கேதான். அளவை நேர் பண்றது அம்ப்ளிஃபையர் வேலை, வடிவத்தை நேர் பண்றது டிசைனர் வேலை.

இதிலிருந்தே எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாதுன்னு தெரிஞ்சுடும். சாட்டிலைட்டில் வந்து சேர்ந்த சிக்னலை சேனல் சேனலாப் பிரிக்கிற ஃபில்டர்களை எடுத்துக்கோங்க. அவற்றுக்குப் பின்னால் எப்படியும் பெரிய அம்ப்ளிஃபையர் இருக்கு. அங்கே சில டெசிபெல் போனால் கவலை இல்லை. வானத்துக்குப் போற சாமானில் எடைதான் காசு. க்யூ அதிகமா வேணும்னா ஃபில்டரும் பெரிசாகும், கனமாகும். அதனால் க்யூ கம்மியான சின்ன ஃபில்டரைப் போட்டு, ப்ரீ-டிஸ்டார்ஷனால் வடிவத்தைத் திருத்திக்கலாம். கனடாவின் காம் டெவ் நிறுவன இன்ஜினீயர்கள் 2003-ல் இதைப் பற்றி ஐ.இ.இ.இ இதழில் எழுதினாங்க. 1939-ல் டெலிபோன் கம்பிக்குப் போட்ட கணக்கு, சாட்டிலைட்டுக்கு உதவியிருக்கு!

இதில் இன்னொரு கவனமும் வேணும். நடுவை வேணும்னே பள்ளமாக்கினோமே, அந்த பவர் எங்கே போகும்? வந்த வழியே திரும்பி ஓடும். அது முன்னாடி இருக்கிற சர்க்யூட்டைக் கெடுக்காமல் இருக்க, திரும்பி வருவதை வேற பக்கம் திருப்பி விடுகிற ‘சர்க்குலேட்டர்’ மாதிரி ஒரு காவல்காரர் வேணும்.

அதே வித்தையை அம்ப்ளிஃபையருக்குப் பின்னால், அவுட்புட் பக்கம் போட்டால்? கஷ்டப்பட்டுப் பெருக்கின பவரில் முக்கால்வாசியைத் தூக்கிப் போட்ட மாதிரி. ஆன்டெனாவுக்கு அடுத்து, முதல் அம்ப்ளிஃபையருக்கு முன்னால் போட்டாலும் தப்பு. ஏற்கெனவே மெலிஞ்சு வந்த சிக்னல், இரைச்சலில் மூழ்கிடும். அதுக்கப்புறம் எத்தனை மடங்கு பெருக்கினாலும் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும்.

கடைசியா...

திரும்ப எங்கள் லேப்புக்கே வர்றேன். நாங்க எல்லாரும் ஏன் 1.00-னு எழுதினோம்? சீனியர் எழுதினாங்க, அவங்க சீனியர் எழுதினாங்க. ‘வளைவு அழகா வந்தா மார்க், கோணலா வந்தா ரிப்பீட்’னு ஒரு பயம். ஆனா யோசிச்சுப் பாருங்க... டார்லிங்டன் லேபில் யாராவது விளிம்பு ரீடிங்கை பென்சிலால் ‘சரி’ பண்ணியிருந்தால்? விளிம்பு எவ்வளவு கரையுதுன்னு சரியாத் தெரிஞ்சதால்தானே, எவ்வளவு முன்கூட்டித் தூக்கி வைக்கணும்னு அவரால் கணக்குப் போட முடிஞ்சது? சேதாரம் எவ்வளவுன்னு அளக்காத டெய்லரால் எப்படிப் பெரிசா வெட்ட முடியும்? நான் அழிச்சு எழுதின அந்த 0.09-தான் அந்த எக்ஸ்பெரிமென்ட்டிலேயே கத்துக்க வேண்டிய விஷயம். அதைத் தவிர மத்த எல்லாத்தையும் நான் எழுதியிருந்தேன்!

இப்போ என் நோட்டில் அந்த எக்ஸ்பெரிமென்ட்டுக்கு மூணு காலம் இருக்கு. புத்தகம் சொல்றது, மீட்டர் சொல்றது, 741 போட்ட பிறகு வந்தது. 2380 ஹெர்ட்ஸுக்கு நேரா அந்த 0.92-ஐ வட்டம் போட்டு வெச்சிருக்கேன். அதைச் சரி பண்ணத் தடிமனான கம்பியில் வேற காயில் சுத்திக்கிட்டு இருக்கேன். எத்தனை சுத்து ஆச்சுன்னு நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறந்து போகுது, அதுதான் ஒரே தொல்லை.

போன வாரம் ஒரு ஜூனியர் வந்து, ‘‘அண்ணா, லோ-பாஸ் ஃபில்டர் ரெக்கார்டு கொஞ்சம் கொடுங்களேன், ரீடிங் பார்த்து எழுதிட்டுத் தர்றேன்’’னு கேட்டான்.

நோட்டைக் கொடுக்கலை. மல்ட்டிமீட்டரைக் கொடுத்தேன். ‘‘முதல்ல உன் காயில் எத்தனை ஓம்னு பார்த்துட்டு வாடா தம்பி’’ன்னேன்.

முறைச்சுக்கிட்டே போனான். பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்பி வந்தான்.

‘‘அண்ணா... என் காயில் 135 ஓம் காட்டுது. அப்போ எனக்கு 0.90 வந்தா கரெக்ட்தானே?’’

சூப்பர்டா தம்பி! வைவாவில் உன்னை யாரும் அசைக்க முடியாது.